அத்தான் பெயரில் வந்த மெயில்கள்

1

இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது. முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'அந்தக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் மாலை வெயில்—'. அழித்துவிட்டேன். வெயிலுக்கு இதில் வேலையில்லை, லிஃப்டுக்குத்தான் இருக்கிறது.

2

அத்தான் (அக்காவின் கணவர்) அங்கே லிஃப்ட் மெக்கானிக். அதே கட்டடத்தில் மெயில்களைப் பராமரிப்பது நான். யாரோ ஒரு விஷமி, அத்தானின் முகவரியிலிருந்து வந்ததுபோலவே எல்லோருக்கும் மூன்று முறை மெயில் அனுப்பினான்: 'லிஃப்ட் ஆபத்து. ஏறாதீர்கள்.' லிஃப்டுக்கு ஒன்றுமில்லை. மூன்று முறையும் ஏழு மாடி ஏறியவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே அத்தானைத் திட்டித் தீர்த்தார்கள்.

"உங்க அத்தான் தொல்லைய முதல்ல நிறுத்துப்பா," என்றார் மேனேஜர்.

போலியை மட்டும் பிரித்துத் தடுக்க ஒரு நாள் வேலை. அத்தான் பெயரில் வரும் எல்லாவற்றையும் ஸ்பாமில் தள்ள இரண்டு நிமிடம். தள்ளினேன். திங்கட்கிழமை சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். (எந்தத் திங்கட்கிழமை என்று கேட்காதீர்கள்.) அத்தானிடமும் சொல்லவில்லை.

3

[இங்கே விபத்து இருந்தது. நான்கு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும், லிஃப்டில் இருந்த துப்புரவுப் பெண்ணின் வாளி நன்றாக வந்தது, அவள் வரவில்லை. எடுத்துவிட்டேன்.]

லிஃப்ட் விழுந்தது. அவள் செத்துப்போனாள். முன்கூட்டி எச்சரிக்கவில்லை என்று அத்தானைக் கைது செய்தார்கள்.

"முந்தின நாளே கம்பி பிரியுதுன்னு மேனேஜருக்கு எழுதினேன், நிறுத்த அனுமதி கேட்டேன்னு சத்தியம் பண்றாருடா," என்றாள் அக்கா. "மேனேஜரு எதுவும் வரலங்கிறாரு. நீதானே மெயில் பாக்குற. தேடிப் பாரேன்."

"பாக்கறேன்க்கா."

(அடிக்குறிப்பு: அத்தானிடம் இருந்த நகலும் போயிற்று. வேலையிலிருந்து நீக்கியதும் அவர் மெயில் கணக்கை அழிக்கச் சொன்னார்கள். அழித்தவனும் நான்தான்.)

4

தேட வேண்டியதே இல்லை. மேனேஜரின் ஸ்பாமில் கிடக்கிறது. படித்தும் விட்டேன். 'ஐயா, இது நிஜமாகவே நான்தான் எழுதுகிறேன்' என்று தொடங்குகிறது. அதற்கு மேல் எந்தக் கதாசிரியனும் எழுத முடியாது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முடிவு ஒன்று: எடுத்துக் கொடுக்கிறேன். அத்தான் வெளியே வருவார், நான் உள்ளே போவேன். இதுவும் போலி என்று அவர்கள் சொல்லாமல் இருந்தால்.

முடிவு இரண்டு: சும்மா இருக்கிறேன். ஸ்பாமில் விழுந்தது முப்பது நாளில் தானாக அழிந்துவிடும். இன்று இருபத்தொன்பதாவது நாள்.

முடிவு மூன்று: அக்காவிடம் நான்—

போன் அடிக்கிறது. அக்காதான். காலையிலிருந்து ஆறாவது முறை.

நீங்களே எடுத்துப் பேசுங்கள்.