பதின்மூன்று வசனம்

நாலரை மணி பஸ் வர இன்னும் அரைமணி இருந்தது.

நதியா மறுபடியும் வீட்டைப் பெருக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சபை கூடும் வீடு அது. அந்த மலையூரில் அவர்களுக்கு வேறு கட்டிடம் கிடையாது. ஜனங்கள் உட்காரும் பாய்கள் சுவரோரம் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

பஸ்ஸில் அவள் தம்பி ரஞ்சித் வருகிறான். வந்தால் அவனுக்கு வா சொல்லக் கூடாது.

போன ஞாயிறு பாஸ்டர் இளவழகன் யார் பெயரையும் சொல்லவில்லை. யோவானின் இரண்டாம் நிருபத்தை வாசித்தார். பெரியவர் ஒருவர் ஓர் அம்மாளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் எழுதியது. வேறு போதகத்தோடு வருகிறவனை வீட்டில் சேர்க்காதே, வாழ்த்துக்கூடச் சொல்லாதே என்கிற கடிதம். வாசித்து முடித்து நதியாவைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

ஓசூருக்கு வேலைக்குப் போன ரஞ்சித் அங்கே ஒரு கூட்டத்தோடு சேர்ந்திருந்தான். மருந்து சாப்பிடுவது பாவம் என்கிற கூட்டம். அமிர்தி பக்கம் ஒருத்தி அவர்கள் பேச்சைக் கேட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் அவள் காலை எடுத்துவிட்டார்கள்.

நதியாவின் மகள் அருணாவுக்கு வலிப்பு. காலையும் இரவும் மாத்திரை. மாத்திரை தொடங்கியபின் ஒருமுறைகூட வரவில்லை. ஆனால் மாமன் போனில் பேசினால் அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். நேற்றுச் சாமை மூட்டைக்குப் பின்னால் ஒரு மாத்திரை கிடந்தது. பாதி கரைந்து, காய்ந்து, தரையோடு ஒட்டியிருந்தது. அதிலிருந்து நதியா பெருக்கிக்கொண்டே இருக்கிறாள்.

"பஸ்சு பஞ்சராவணும்னு ஜெபம் பண்ணு" என்றான் தீர்த்தகிரி, அவள் புருஷன். புளி உடைத்துக்கொண்டிருந்தான்.

"இப்ப இன்னா சிரிப்பு வேண்டிக் கெடக்கு?"

"பின்ன? தாய்மாமன வாசல்ல நிக்க வெச்சிட்டு வான்னு சொல்லலன்னா, நாளைக்கு உன் பொறந்த வூட்டு ஆளுங்க நம்ம வூட்டு சாவுக்குக்கூட வரமாட்டானுங்க."

அது உண்மை. அந்த ஊரில் மண்டையை உடைத்தவனை மன்னித்திருக்கிறார்கள். வா சொல்லாதவளை மன்னித்ததில்லை.

"உள்ள வுட்டா?" என்றாள்.

தீர்த்தகிரி வெளியே பார்த்தான். அருணா ரோட்டோரம் போய் நின்றுவிட்டிருந்தாள்.

நதியா வேதத்தை எடுத்தாள். அந்தக் கடிதம் பதின்மூன்று வசனம், ஒரு பக்கம்கூட இல்லை. மீதியை நேரில் வந்து பேசுகிறேன் என்று பெரியவர் முடித்துவிடுகிறார். அதன் கீழேயே அவருடைய அடுத்த கடிதம் தொடங்கியது. அதில், வழியோடு வந்த சகோதரரை வீட்டில் சேர்த்தவனை மெச்சுகிறார். சேர்க்காமல் மற்றவரையும் தடுத்தவனைக் கண்டிக்கிறார். இரண்டும் ஒரே ஆள் எழுதியது.

பாஸ்டருக்குப் போன் போட்டாள்.

"ஸ்தோத்திரம்ங்க. லட்டரு வாங்கின அந்தம்மா யாருங்க?"

"தெரியாதும்மா. ஒரு பொம்பளன்றாங்க. இல்ல, ஒரு சபையத்தான் அப்பிடிக் கூப்புட்டார்னும் சொல்றாங்க."

"அவுங்க சபைக்குக் கட்டடம் இருந்துதுங்களா?"

"அப்ப ஏது கட்டடம்? வூடுங்கதான். போதகருங்க ஊர் ஊரா நடந்து வருவாங்க. ஒரு வூட்டுல எறங்குவாங்க, சாப்புடுவாங்க, ஜனத்தக் கூட்டி அங்கயே பேசுவாங்க."

"அப்ப வூட்டுல சேக்கறதுன்னா, பேச எடம் குடுக்கறதுங்களா?"



"அப்பிடியும் சொல்லலாம்."

"நீங்க அதச் சொல்லலியேங்க."

"சொன்னா நீ சோறு போடுவ. சோத்து முன்னாடி உக்காந்து அவன் பேசுவான். பேசறவன நிறுத்த உன்னால ஆவுமா, நதியா?"

"என் தம்பிங்க."

"அதனாலதான் கேக்கறேன்."

வளைவில் ஹாரன் கேட்டது. நதியா போனை வைத்தாள். சபைப் பாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். ஒன்றை மட்டும் விட்டாள். ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வாசலுக்கு வந்தாள்.

ரஞ்சித் இளைத்திருந்தான். அருணா அவன் கையைப் பிடித்துக்கொண்டு குதித்து வந்தாள். எதிர்வீட்டு மங்கம்மாள், சபையில் முதல் பாயில் உட்காருகிறவள், முறத்தை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

ரஞ்சித் வாசலுக்கு வெளியே நின்றான். கொஞ்சநேரம் காத்துப் பார்த்தான்.

"இன்னாக்கா, வான்னு சொல்றதுக்கும் பாஸ்டர்கிட்ட பர்மிஷன் கேக்கணுமா?"

சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

"வா" என்றாள் நதியா. எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

அவன் தண்ணீரை வாங்கிக் குடித்தான். படியில் கால் வைத்தான். அவள் நிலையை விட்டு நகரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்த அந்தப் பாதி மாத்திரையை உள்ளங்கையில் போட்டு நீட்டினாள். அருணா மாமன் கையை விட்டாள்.

"சோறு இருக்கு. படுக்கப் பாய் இருக்கு. உன் கூட்டத்துப் பேச்சுக்கு மட்டும் இந்த வூட்டுல எடம் இல்ல. இப்ப, இவ மூஞ்சப் பாத்து, மாத்திர போடு கண்ணுன்னு நீயே உன் வாயால சொல்லு ரஞ்சித்து. சொல்லுவியா?"