ஹவ் கூண்டும் நக்கோ கூண்டும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எங்கள் சுண்டெலிகளுக்கு வடிகட்டிய காற்று, கிருமி நீக்கிய தண்ணீர், முகமூடி போட்ட ஆயா, எல்லாம் உண்டு. அந்த ஆயா நான்தான், பிளெசி. ஹைதராபாத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலி வளர்ப்பது என் உத்தியோகம். இதைக் கேட்டதும் திருமுல்கேரி சர்ச்சில் பார்த்த வரன்கள் நான்கும் ஓடிப்போயின.

பத்துச் சுண்டெலிகளுக்கு மனிதருடைய ரத்தப் புற்றுநோய் செல்களை ஏற்றியிருந்தோம். ஐந்துக்கு ஹம்சா மேடத்தின் புது மருந்து, ஐந்துக்கு வெறும் உப்புத் தண்ணீர். எந்தக் கூண்டுக்கு எது என்று ஊசி நிரப்பும் துரைராஜ் அண்ணனுக்கு மட்டுமே தெரியும். எங்களுக்குத் தெரிந்தால் எங்கள் கண் ஆசைப்பட்டதைத்தான் பார்க்குமாம். அண்ணன் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத். ஏ, பி என்று எழுதச் சொன்னால், ஒரு கூண்டில் ‘ஹவ்’, இன்னொன்றில் ‘நக்கோ’ என்று ஒட்டிவிட்டார். இந்த ஊரில் ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம்.

“லேப்ல இதென்ன பாஷை?” என்று மேடம் கடிந்துகொண்டார். அவர் தஞ்சாவூர். ஆறு வருஷமாக இங்கே இருந்தும் ஊர்ப்பேச்சில் ஒரு சொல் அவர் வாயில் வந்ததில்லை.

ஏற்கெனவே இரண்டு மருந்துகள் காலை வாரிவிட்டன. இதுவும் தோற்றால் டைரக்டர் ஆராய்ச்சியையே மூடிவிடுவார். முடிவு கேட்டு இன்று பன்னிரண்டு மணிக்குப் போன் செய்வதாக இருந்தார்.

ஆறு வாரமாக நான் ஹவ் கட்சி. பின்னே, ‘ஆமாம்’ கூண்டில்தானே மருந்து இருக்கும்? தினமும் காலையில் அதற்குத்தான் என் முதல் ஸ்தோத்திரம். மேடமும் அப்படித்தான் நினைத்தார், வாய்விட்டுச் சொல்லவில்லை.

வாலில் எடுத்த ரத்தத்தை மெஷினில் வைக்கும்போது, “ஹவ் முதல்ல பாப்போம் மேடம்” என்றேன். நல்ல செய்தி முந்தட்டுமே.

திரையில் எண் வந்தது. ஐந்துக்கும் சராசரியாக நூற்றுக்கு எழுபத்தொன்று புற்றுநோய் செல்.

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் துரைராஜ் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்! தோள் குலுங்குகிறது.

“கைக்குண்ணா சிரிக்கிறீங்க? வெக்கமா இல்ல?” கோபத்தில் எனக்கும் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது; கைக்கு என்றால் ஏன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “நான் பேசக் கூடாதும்மா, ரூலு. நீ அடுத்த கூண்டைப் போடு.”

போட்டேன். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மெஷினுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மறுபடி போட்டேன். மறுபடியும் அதே.

எந்தக் கூண்டுக்கு எது என்று முதல் நாளே எழுதி ஒட்டிவைத்திருந்த உறையை அண்ணன் கிழித்து நீட்டினார். ‘நக்கோ: மருந்து. ஹவ்: உப்புத் தண்ணி.’

“ஏண்ணா இப்படி வச்சீங்க?”

“கேன்சர் வேணுமான்னு கேட்டா ஹவ்னு சொல்வியா? நக்கோன்னுதானே சொல்வே!”

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. முகமூடியும் பிளாஸ்டிக் அங்கியுமாக நானும் மேடமும் கைகோத்துச் சுற்றினோம். மேடத்தின் தொப்பி பறந்தது. ஹவ் கூண்டின் அருகே வந்ததும் நான் மட்டும் நின்றேன். ஆறு வாரம் உப்புத் தண்ணீரைக் குத்திக்கொண்ட ஐந்து பேர். “உங்களாலதான்டா தெரிஞ்சுது” என்றேன். அழுகை வந்துவிட்டது.

போன் அடித்தது. மேடம் மூச்சு வாங்க ஸ்பீக்கரை அழுத்தினார்.

“ஹம்சாஜி, பந்த் கரேங் க்யா?” மூடிவிடலாமா என்று கேட்கிறார் டைரக்டர்.

மேடத்துக்கு ஆங்கிலம் வரும், இந்தி வரும். இரண்டும் அந்த நேரத்தில் வரவில்லை.

“நக்கோ சார்!” என்று கத்தினார். “நக்கோ, நக்கோ, நக்கோ!”