சேக்ரம்

பால் விழுந்த இடமெல்லாம் சாம்பல் சுர்ரென்று சீறி அடங்கியது. நேற்று எரித்த அம்சத்தின் எலும்புகளைக் காடாத்துச் சடங்குக்கு வந்த ஆண்கள் குனிந்து பொறுக்கினார்கள். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று சொல்லியும், அவள் மகள் சுடர்விழி வந்து நின்றாள்.

"நெத்தி, நெஞ்சு, கை, காலு. ஆச்சு, சட்டியக் கட்டு," என்றார் பெரியப்பா பஞ்சநதம்.

"இடுப்பு இருக்கு பெரியப்பா."

"பொம்பள இடுப்பெலும்ப ஆத்துல விடுறதில்ல. தீட்டு. காலேஜுல மாட்டெலும்பு எண்ணுற வேலைய இங்க காட்டாத."

ஒரத்தநாட்டுக் கால்நடைக் கல்லூரியில் அவள் உடற்கூறு நடத்துகிறாள். முதுகெலும்பு முடியும் இடத்திலிருக்கும் அந்த எலும்பை வருஷாவருஷம் கையில் தூக்கிக் காட்டுவாள். சேக்ரம். லத்தீனில் புனிதமானது என்று பொருள். பலியில் தெய்வத்துக்குப் படைத்த பாகம் என்பார்கள்; எல்லாம் மக்கிய பிறகும் மிஞ்சுவது என்பார்கள்; கருப்பைக்குக் காவல் என்பார்கள்.

போன தை மாதம் அம்மாவுக்கு இடுப்பில் தைலம் தேய்த்தபோது இதைச் சொன்னாள். குப்புறப் படுத்திருந்த அம்சம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"நாத்து நட்டே தேஞ்சுபோன எலும்புடி இது. இதையா சாமிங்கிறான்? எந்த ஊருக்காரன்?"

"ரோமாபுரிக்காரன்மா."

"ஒங்க பெரியப்பங்கிட்ட வந்து சொல்லச் சொல்லு, பாப்போம்."

சுடர்விழி சாம்பலருகே குந்தினாள். சூடு விரலைக் கடித்தது. இடுப்பெலும்பை எடுத்துவிட்டாள். விரிசல் விட்டு, ஒரு மூலை உதிர்ந்திருந்தது.

"அதப் போட்டா நான் சட்டியத் தொட மாட்டேன்," என்றார் பஞ்சநதம்.

"தொடாதீங்க. நீங்களும் ஒரு பொம்பளையோட இந்த எலும்ப ஒரசிக்கிட்டுத்தான் வெளிய வந்தீங்க."

யாரோ இருமினார்கள். பஞ்சநதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அப்பால் போய் நின்றார். இரண்டு பேர் அவர் பின்னால் போனார்கள். கொள்ளி வைத்த தம்பி பரிதி மட்டும் அசையவில்லை.

"நீயும் போடா," என்றாள்.

அவன் சட்டியின் வாய்த்துணியை அவிழ்த்தான். உள்ளே இடமில்லை. பொறுக்கிப் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். அவள் கையிலிருந்ததை வாங்கி அடியில் வைத்தான். மற்றவற்றை அதன்மேல் அடுக்கினான்.

சட்டியைத் தண்ணீர்க் குடம்போல இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஆற்றுக்குப் போகும் வரப்பில் சுடர்விழி இறங்கினாள். புடவையைத் தாண்டி இளஞ்சூடு ஏறியது.