தரையில் விழுந்த பிரதி

வோல்கா கரையோர நூலகத்தில் வியாழக்கிழமைதோறும் கூடும் வாசிப்புக் குழுவுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சிறுகதை என்றால் முறைவைத்துப் படிப்பார்கள். பழைய நாடகம் என்றால் சீமாட்டி வேஷம் ரிம்மாவுக்குத்தான். இந்தக் குளிர்காலத்தில் மாஸ்கோவிலிருந்து எல்வீரா வந்து சேர்ந்தாள். குழுவை நடத்தும் வெனியாமின், வசந்த விழா மேடையில் வாசிக்கவிருக்கும் நாடகத்தில் சீமாட்டியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, ரிம்மாவின் தலையில் வேலைக்காரியைக் கட்டினார். ரிம்மாவுக்கு வயிறு எரிந்தது. கழுத்தில் பட்டுத்துணி சுற்றியவளெல்லாம் சீமாட்டியா?

"உங்க குரல் கொஞ்சம் கரகரன்னு இருக்கு, ரிம்மா இக்னாத்யெவ்னா. வேலைக்காரிக்குப் பொருத்தம்," என்றாள் எல்வீரா, தேநீரில் வளைய ரொட்டியை நனைத்தபடி.

"உங்களுக்குக் குரலே இல்லையே, எல்வீரா மார்கோவ்னா. பின்வரிசைக்காரங்க காது போச்சுன்னு டாக்டரத் தேடி ஓடுவாங்க."

வெனியாமின் கரண்டியால் கோப்பையைத் தட்டினார். வாசிப்பு தொடங்கிய சற்று நேரத்தில் எல்வீராவின் கை தவறி, அவளுடைய நாடகப் பிரதி தரையில் விழுந்தது. அவள் குனிந்தாள்.

"தொடாதீங்க," என்றாள் ரிம்மா. "விழுந்த பிரதி மேல உக்காந்துட்டுத்தான் எடுக்கணும். இல்லேன்னா மேடையில வேஷம் சொதப்பும். மாஸ்கோவுல இதெல்லாம் மறந்துட்டாங்களா?"

"என் இடுப்பு மடங்காது. விளையாடாதீங்க."

"அப்போ வேஷத்த விட்டுடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. வாசற்படிக்கு இருபுறமும் நின்று கைகுலுக்கினால்கூட ஆகாது என்று பயப்படுகிறவர்கள் அவர்கள். வெனியாமின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். எல்வீரா ரிம்மாவை முறைத்தாள். நாற்காலியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, காலணிகளின் பனி ஈரம் காயாத தரையில் பிரதிமேல் உட்கார்ந்தாள். எழ முயன்றாள். முடியவில்லை. ரிம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

எல்வீரா யாரையும் கைகொடுக்கச் சொல்லவில்லை. அடியிலிருந்து தாள்களை உருவி, காலியான வீட்டில் சீமாட்டி தரையில் உட்கார்ந்திருக்கும் கடைசிக் காட்சியைத் தேடி எடுத்து, அங்கிருந்தே படித்தாள். அழவில்லை. எழ முடியாத கோபத்தை அப்படியே சீமாட்டியின் வாயில் வைத்தாள். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் ரிம்மா அழுது எத்தனையோ கைக்குட்டைகளை நனைத்திருக்கிறாள். அப்போதெல்லாம் கேட்கிறவர்கள் தேநீரை ஆறவிட்டதில்லை. இன்று ஆறவிட்டிருந்தார்கள்.

அடுத்த வரி வேலைக்காரியுடையது. எல்லோரும் ரிம்மாவைப் பார்த்தார்கள். நானே உட்காரவைத்து, வேஷத்தையும் நானே தூக்கிக் கொடுத்துவிட்டேனே என்று நினைத்தபடி அவள் தன் பிரதியைப் புரட்டினாள்.

"எழுந்திருங்கம்மா. வண்டி வந்துடுச்சு," என்று படித்தாள். கரகரப்பு பொருத்தமாகத்தான் இருந்தது. கையையும் நீட்டவேண்டியிருந்தது.

எல்வீரா அதைப் பிடித்து எழுந்தாள்.

"மேடையிலயும் இப்படியே தூக்குங்க," என்றாள், நன்றி சொல்லாமல்.