திரும்பி வரும் கோடு

கழுவிய வரைபடத்தின் மேல் ஈரத்தை இழுக்க வைத்திருந்த ஒற்றுத்தாளை உரித்தெடுத்ததும் மருமகளுக்குப் பகீரென்றது. கப்பல் திரும்பி வந்த சிவப்புக் கோட்டை வரைபடத்தில் காணோம். பதறிப்போய் ஒற்றுத்தாளை எங்கோ எறிந்துவிட்டு, படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பழைய தாள்களைக் கழுவிச் சீர்செய்வதுதான் அவளுக்கு வேலை. எந்த மையானாலும் ஓரத்தில் ஈரப்பஞ்சை ஒற்றி, கலைகிறதா என்று பார்த்த பிறகே தண்ணீரில் இறக்குவாள். பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்க்கப்பல் ஒன்று உலகத்தைச் சுற்றிய வழியை யாரோ இந்தப் படத்தில் கையால் வரைந்திருந்தார்கள். போனது நீலம், வந்தது சிவப்பு. நீலத்தை ஒற்றிப் பார்த்தாள், அசையவில்லை. சிவப்பும் அதே கைதானே என்று விட்டுவிட்டாள். அடுத்தவர் படமாக இருந்தால் விட்டிருப்பாளா? வீட்டுப் படம் என்ற மெத்தனம்தான்.

படம் மாமனாருடையது. மகன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனதிலிருந்து அவருக்குக் காலைக் காப்பி அந்தப் படத்தின் முன்னால்தான். போனில் மகன் கடலின் பெயரைச் சொன்னால் போதும், விரலை வைத்து, "பையன் இங்க இருக்கான்" என்பார். மகன் போகிற வழிக்கும் அந்தப் போர்க்கப்பலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சொன்னால் கேட்கிற ஆளா அவர்? போகும்போது நீலத்தில் வைப்பார், வரும்போது சிவப்பில். கேலி செய்துகொண்டிருந்தவளும் எப்போதோ அந்த விரலை நம்ப ஆரம்பித்துவிட்டாள். இப்போது அவன் திரும்பிக்கொண்டிருக்கிறான். நாலைந்து நாளாகப் போன் இல்லை.

மறைக்க மனம் வரவில்லை. கூடத்துக்குப் போய், "மாமா, ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று படத்தை அவர் முன்னால் விரித்தாள்.

கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நீலக் கோடு பாதி உலகம் போய் ஒரு தீவோடு நின்றிருந்தது.

"அப்ப கப்பல் அங்கயே நிக்குதா?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அட, இதுக்குப் போய் அழுவாங்களா? சிவப்புப் பேனா எடுத்து நீயே ஒரு கோடு இழுத்துடும்மா."

"அழிஞ்சதை நாங்க வரையக் கூடாது மாமா. வரைஞ்சா அது என் கோடு. அந்தக் கப்பலோடது இல்ல."

"வீட்டுக்குள்ளயும் உன் ஆபீஸ் சட்டமா!" என்று முறைத்தார். நீலம் நின்ற தீவை விரலால் தடவி, "அழிஞ்ச மை எங்கதான் போச்சு?" என்று கேட்டார்.

அவள் எழுந்து, படத்தைக் கழுவிய அறைக்கு ஓடினாள். மேசைக்கடியில் கிடந்தது ஒற்றுத்தாள். எடுத்துவந்து அவரிடம் காட்டினாள், அதில் வெளிர் சிவப்பாக ஒரு கோடு.

"வலது பக்கமா வரவேண்டியவன் இடது பக்கமா வரானே!" என்று உதட்டைப் பிதுக்கினார் மாமனார்.

அவள் தாளைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தாள். வெளியே நல்ல வெயில். தாளின் முதுகு வழியாகக் கோடு தெரிந்தது, இம்முறை சரியான பக்கத்திலிருந்து. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"கரை வரைக்கும் வரலையேம்மா."

"அந்தக் கொஞ்சம் தண்ணியில கரைஞ்சுபோச்சு மாமா."

தாளில் கரையும் இல்லை, ஊரும் இல்லை. ஆனாலும் துறைமுகம் இருக்கவேண்டிய இடம் அவருக்கு மனப்பாடம். அங்கே தன் விரலை வைத்தார்.

"கோடு முடியற இடத்துல நீ வை."

வைத்தாள். இருவரும் கையை எடுக்கவில்லை. இரண்டு விரல்களுக்கும் நடுவே கொஞ்சம் வெறும் தாள், அதன் வழியே வெயில் வந்துகொண்டிருந்தது.