தலையைத் தூக்கும் பழக்கம்

கோல்ஃபில் பல் டாக்டருக்கு ஒரே ஒரு குறை. பந்தைக் குழிக்குள் தட்டும் நொடியில் தலையைத் தூக்கிவிடுவார். தலை நிமிர்ந்தால் தோளும் கூடவே நிமிரும். மட்டையின் முகம் மயிரிழை அளவு திரும்பும். பத்தடி தூரம் போவதற்குள் அந்த மயிரிழை மூன்று விரல் அகலமாகிவிடும்.

அதைத் திருத்த, அவர் மனைவி வீட்டுக்குள் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். "பார்க்காதீங்க. டங்குன்னு சத்தம் வந்தா விழுந்துருச்சுன்னு அர்த்தம். பல்லைப் புடுங்கும்போது ஆடாத தலை இங்க மட்டும் ஏன் ஆடுது?" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் தூக்குவார். ஏழு வருடம் இப்படியே போனது.

அவள் இறந்து நான்கு மாதம் கழித்து, அவளுடைய தம்பி அவரை வற்புறுத்தி மைதானத்துக்கு அழைத்துப்போனான். தொடர்ந்து ஐந்து பந்துகள் குழிக்குள் விழுந்தன.

"தலை அசையவே இல்லையே அத்தான். அக்கா அத்தனை வருஷம் கத்துனதுக்கு இப்பதான் பலன்."

டாக்டர் குனிந்தபடியே நின்றார். "நான் பந்தைப் பார்க்கத் தலையைத் தூக்கலடா. அவ மூஞ்சியப் பார்க்கத்தான் தூக்குவேன்."

ஆறாவது பந்தைத் தட்டும்போது தலையைத் தூக்கி, குழிக்குப் பக்கத்தில் பார்த்தார். பந்து மூன்று விரல் தள்ளிப் போனது.