கறிவேப்பிலை வைத்த தட்டு

மன்னிப்புக் கேட்காமலே கேட்டது போல எழுதிக் கொடுப்பது என் தொழில். "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று எழுதுவேன். ஏற்படுத்தியது யார் என்று மூச்சு விடமாட்டேன். மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, லண்டனிலேயே தங்கி, பதினொரு வருடமாக இதுதான் வேலை. இணையத்தில் அடி வாங்கும் கம்பனிகள் என்னைத் தேடி வரும். வான்மதி கை வைத்தால் தீ அணைந்துவிடும் என்பார்கள் ஆபீசில். எனக்கும் அதில் கொஞ்சம் திமிர் உண்டு.

கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில் மூன்று நாளாகப் பனிமூட்டம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கிருஷ்ணராசா அண்ணனின் சமையல்கூடத்துக்குள் நுழைந்தபோது, வெளியே பனி எங்கே முடிந்தது, உள்ளே நீராவி எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை. பாரிஸில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்து அவர் தொடங்கிய கம்பனி, 'குமுதினி ஷார்ட் ஈட்ஸ்'. ரோல்ஸ், பற்றிஸ், வடை மாதிரியான சிற்றுண்டிகள். குமுதினி அவர் மனைவி. கம்பனியைத் திட்டிய ஒவ்வொருவரும் அடுப்படியில் நின்ற அந்த மனுசியின் பெயரைச் சொல்லித்தான் திட்டினார்கள்.

நடந்தது இதுதான். வட லண்டன் எட்மண்டனில் ஒரு வீட்டில் இறந்துபோன அம்மாவின் முப்பத்தோராம் நாள் சடங்கு. மரக்கறி ரோல்ஸ் கேட்டிருந்தார்கள். போனது ஆட்டிறைச்சி. படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு, அதிலிருந்து ஒன்றை எடுத்து அப்பா கடித்திருக்கிறார். கடித்த ரோலை மகன் நிர்மலன் பத்தொன்பது வினாடி வீடியோ எடுத்துப் போட்டார். "ஆயுள் முழுக்கச் சைவமாக இருந்த என் அம்மாவுக்கு இதைப் படைக்க வைத்துவிட்டார்கள்." நாலு லட்சம் பேர் பார்த்தாயிற்று. ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. இந்த வாரத்துக்குள் பெயரை மீட்காவிட்டால் கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

பொரித்து எடுத்தால் மரக்கறி ரோலுக்கும் இறைச்சி ரோலுக்கும் ஒரே நிறம், ஒரே உருவம். அதனால் மரக்கறித் தட்டின்மேல் அடையாளமாக ஒரு கறிவேப்பிலை வைப்பது அவர்கள் வழக்கம். அண்ணன் கேமரா பதிவைப் போட்டுக் காட்டினார். யாரோ பின்கதவைத் திறக்கிறார்கள். இலை எழும்புகிறது. சத்தமே இல்லாத படம். அவசரப்படாமல் ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்து இறைச்சித் தட்டில் போய் உட்கார்கிறது. என்ன அழகு என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"காத்துதானே அண்ணே! யார் தப்பும் இல்லை. இந்தப் பதிவையே போட்டுடறேன்," என்றேன்.

"காத்து எங்களிட்ட வேலை செய்யேல்லை, பிள்ளை. இலையை நம்பினது நாங்கள். நான் பிழை விட்டிட்டன் எண்டு எழுதுங்கோ."

"அப்படி எழுதினா எல்லாம் முடிஞ்சது. ஒரு நாள் குடுங்க, நான் பார்த்துக்கறேன்."

மத்தியானத்துக்குள் வேறு கூத்து நடந்தது. மனம் பொறுக்காத குமுதினி அக்கா சொந்தக்காரரின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். டொரன்டோ, ஒஸ்லோ, சூரிச் என்று இருநூறு பேர் அதை நிர்மலனின் வீடியோவுக்குக் கீழே கொண்டுபோய் ஒட்டினார்கள். பாசம் கண்ணை மறைத்ததில் கடைசி வரியை ஒருவரும் வெட்டவில்லை. "சுத்தமான, சுவையான சாப்பாடு. நாங்கள் எப்பவும் இங்கதான் வாங்கிறனாங்கள். எல்லாரும் இதை அப்பிடியே கொப்பி பண்ணிப் போடுங்கோ. அன்புடன் மாமி." இருநூறு மாமிகள். உலகம் விழுந்து விழுந்து சிரித்தது.

நிர்மலன் ஒரே ஒரு பதில் எழுதினார். "இருநூறு பேர் எழுதியிருக்கிறீங்கள். என்ர அம்மான்ர பேர் என்ன எண்டு ஒராள் கேட்டீங்களா?"

அந்த வீடியோவை நான் நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். ரோல் பளிச்சென்று தெரியும். பின்னால் மாலை போட்ட படம் மங்கலாக இருக்கும். பெயர் எனக்கும் தெரியாது. கேட்கத் தோன்றவும் இல்லை. இந்தத் தொழிலில் எனக்கு வெட்கம் வந்தது அன்றைக்குத்தான். எழுதி வைத்திருந்த அறிக்கையை அழித்துவிட்டு, "எட்மண்டனுக்குப் போவோம் அண்ணே," என்றேன்.

வேனுக்குள் பொரித்த எண்ணெய் வாசம். கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. கண் சொக்கியது. கனவில் இருநூறு பேரும் கூடத்துக்குள் நின்று ஒரே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூரையிலிருந்து கறிவேப்பிலைகள் மெல்ல மெல்ல இறங்கின. வரிசையின் கடைசியில் ஒரு அம்மா. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனி. "உங்க முறைதாம்மா, வாங்க," என்கிறேன். யாரும் வழிவிடவில்லை. வேன் நின்று விழித்தபோதும் கொஞ்ச நேரம் அவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நிர்மலன் கதவைப் பாதிக்குமேல் திறக்கவில்லை. "வீடியோவை எடுக்கச் சொல்லி வந்தனீங்களோ?"

"இல்லைத் தம்பி, அது கிடக்கட்டும். பிழை என்ர. அதைச் சொல்லத்தான் வந்தனான்." அண்ணனின் குரல் இறங்கியது. "அம்மான்ர பேர் என்ன, தம்பி?"

நிர்மலன் கதவிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "நகுலேஸ்வரி," என்றார். கதவு முழுதாகத் திறந்தது.

உள்ளே அந்தப் படம். இப்போது மங்கல் இல்லை. அதைப் பார்த்த அண்ணன் கிட்டப் போய்க் குனிந்தார்.

"ஐயோ, இது எங்கட வெள்ளிக்கிழமை அக்கா! கோயிலுக்கு வந்திட்டு, பத்தரைக்கு எங்கட வாசல்ல நிப்பா. ஆறு வருசம். ரெண்டு மரக்கறி ரோல்ஸ், சூடா. கொஞ்ச நாளாக் காணேல்லை, வீடு மாறிப் போட்டா எண்டு நினைச்சன். பேர் கேக்கேல்லையே, ஒருக்காலும் கேக்கேல்லையே..." அவர் அழுதார். நானும் அழுதேன்.

நாற்காலியில் இருந்த அப்பா அப்போதுதான் வாய் திறந்தார். "ஒண்டு அவவுக்கு. மற்றது எனக்கு. பஸ்ஸில சூடு ஆறாமல் சீலைக்குள்ள பொத்திக் கொண்டு வருவா. அண்டைக்கும் என்ர பங்கெண்டுதான் எடுத்தனான்."

என் வாழ்க்கையில் எழுதிய ஒரே நேர்மையான அறிக்கையை அந்த வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து எழுதினேன். "நகுலேஸ்வரி அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு மரக்கறி ரோல்ஸ் அனுப்ப வேண்டிய நாங்கள் இறைச்சி ரோல்ஸ் அனுப்பினோம். பிழை எங்களுடையது. கிருஷ்ணராசா, குமுதினி." நிர்மலன் வாசித்துப் பார்த்து, தன் வீடியோவுக்குக் கீழே முதல் ஆளாக அவரே போட்டார்.

வீடியோ இன்னும் இருக்கிறது. கூடமும் இருக்கிறது, மரக்கறிக்கு இப்போது தனி அறை, தனி அடுப்பு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு எட்மண்டனிலிருந்து அப்பா பஸ் ஏறி வருகிறார். குமுதினி அக்கா சூடாக எடுத்துக் கொடுக்கிறார். ஒன்று போதுமே என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை. அவர் இரண்டுதான் வாங்குகிறார்.